நாற்பத்தெட்டு அளவு எழுத்தில் ஒரு மிளகாய் மண்டி

வத்தல்பேட்டைக் கடைத்தெருவில் முதல் விலைக்கே சரி என்று சொன்னவனை யாரும் மரியாதையாகப் பார்த்தது கிடையாது. விற்றவனுக்கு அன்று சோறு இறங்காது. இன்னும் கொஞ்சம் ஏற்றிச் சொல்லியிருக்கலாமே என்று வயிறு எரியும். வாங்கினவனைப் பற்றி நாலு கடைக்காரர்கள் கூடி, பாவம், வீட்டில் ஏதும் கஷ்டமோ என்று விசாரிப்பார்கள். பத்து வேண்டுமென்றால் ஐம்பது கேட்க வேண்டும், எதிராளி இரண்டு என்பான், இருவரும் கோபித்துக்கொண்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்து பத்தில் நிற்க வேண்டும். மூச்சு விடுவதுபோல அது அங்கே நடந்துகொண்டிருந்தது.

அந்த ஊருக்குத்தான், பேரம் என்றால் என்னவென்றே தெரியாத ஓர் இயந்திரத்தை அரசாங்கம் அனுப்பிவைத்தது.

நகராட்சி மண்டபத்தில் கூட்டம். மிளகாய் மண்டி பால்வண்ணம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தாறு வயது, சலவை வேட்டி, தோளில் துண்டு, எதை நீட்டினாலும் முதலில் வேண்டாம் என்று சொல்லும் முகம். இரண்டு நாற்காலி தள்ளி, கொத்தமல்லி விதை விற்கும் மல்லி மண்டி சூசைமரியான். இருவருக்கும் எதிரெதிர்க் கடை. முப்பது வருடமாக, ஒரு நாள் காலை பத்து மணிக்குப் பால்வண்ணம் தெருவைத் தாண்டிப் போய், ஒரு பிடி மல்லியை அள்ளி மூக்கில் வைத்து, "என்னவே, இது மல்லியா, மாட்டுத் தீவனமா?" என்று ஆரம்பிப்பார். மறுநாள் சூசை இந்தப் பக்கம் வந்து ஒரு மிளகாய் வத்தலைக் கிள்ளிப் பார்த்து, "இதக் காரத்துக்கு விக்கீரா, கலருக்கு விக்கீரா?" என்பார். ஒரு மணி நேரம் விலை பேசுவார்கள். இந்த முப்பது வருடத்தில் ஒருவர் மற்றவரிடம் ஒரு கிலோகூட வாங்கியதில்லை. சிலர் காலையில் நடக்கப் போவார்கள். இவர்கள் இதைச் செய்தார்கள்.

மேடையில் வரைபடம் போடும் ஜி.ஐ.எஸ். பிரிவிலிருந்து வந்திருந்த கோகிலவாணி நின்றாள். கோயமுத்தூர்ப் பக்கத்துப் பெண். ஊருக்குள் அவள் பெயர் மேப் மேடம். திரையில் வத்தல்பேட்டை முழுவதும் கோடும் கட்டமுமாகத் தெரிந்தது.

"ஏனுங்க, எல்லாரும் கவனிங்க. இதுவரைக்கும் நெலம் எப்படி இருக்குதோ அப்படி மேப்பு போட்டோம். போட்டு முடிக்கறதுக்குள்ள ஒருத்தர் படியை ரெண்டடி முன்னால இழுத்துடறீங்க, இன்னொருத்தர் கூரையை ரோட்டுக்கு மேல நீட்டிடறீங்க. அறுவது வருசம் மேப்பு உங்க பின்னால ஓடியே கால் ஓஞ்சு போச்சுங்க. அதனால இனிமே தலைகீழ். மொதல்ல மேப்பு. அப்புறம் நெலம்."

"நெலம் எப்படிம்மா மேப்புக்குத் தக்கன மாறும்? அதென்ன ரப்பரா?" என்றார் பாத்திரக்கடைக்காரர்.

அவள் ஒரு கண்ணாடிக் குப்பியைத் தூக்கிக் காட்டினாள். உள்ளே கடுகு மாதிரி ஏதோ ஊர்ந்தது. "எறும்பு மெஷினுங்க. ரெண்டாயிரம் கோடி எறும்பு நாளைக்கு ஊருக்கு வருது. மத்தியானம் ஒரு மணிக்கு உங்க கடைக்கு அடியில போயி, கடையை அப்படியே அலுங்காமத் தூக்கி, மேப்புல இருக்கற எடத்துல வெச்சுரும். மூணு மணிக்கு வேலை முடிஞ்சுரும். உள்ள நீங்க தூங்கிட்டிருந்தாக்கூடத் தெரியாதுங்க. மேப்புல இருக்கறது மட்டும்தான் அதுக்குத் தெரியும். இல்லாததைத் தொடவே தொடாது. அதனாலதான் சொல்றேன், மேப்பு தெளிவா இருக்கோணும். பேர் மேல பேர் ஏறக்கூடாது. எது பெரிசு, எது சிறிசுன்னு பாத்த ஒடனே தெரியோணும். மேப்பு கொழப்பமா இருந்தா ஊரும் கொழப்பமா வந்து நிக்கும்."

மேடையோரம் ஒரு பெட்டி இருந்தது. தபால்பெட்டி உயரம், மேலே ஓர் ஓட்டை. ஒவ்வொருவரும் போய்த் தன் வேண்டுகோளை அதனிடம் சொல்ல வேண்டும். அது வரைபடத்தில் போட்டுக்கொள்ளும்.

"ஒரு விசயம்," என்றாள் கோகிலவாணி, விரலை உயர்த்தி. "இந்தப் பெட்டி பேரம் பேசாதுங்க. நீங்க என்ன கேக்கறீங்களோ, அதை அப்படியே குடுத்துரும். அதனால நெசமா என்ன வேணுமோ அதை மட்டும் கேளுங்க."

மண்டபத்தில் ஒரு மெல்லிய சிரிப்பு பரவியது. ஒரே விலை என்று பலகை எழுதி மாட்டியிருக்கும் ஜவுளிக்கடைகளில் எல்லாம் பாதி விலைக்கு வாங்கிப் பழகியவர்கள் அவர்கள்.

"எல்லாரும் ஆரம்பத்துல இப்படித்தாம்வே சொல்லுவாவ," என்றார் பால்வண்ணம், சூசையின் பக்கம் சாய்ந்து. "நீரு என்ன கேக்கப் போறீரு?"

"கடை வாசல்ல ஒரு மரம். மேக்கு வெயிலு மண்டையப் பொளக்கு. அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்."

"பேரு?"

"எல்லாருக்கும் போடுத எட்டு அளவு எழுத்து. போதும்."

பால்வண்ணத்தின் மனத்தில் அந்த எட்டு ஆணி அடித்து உட்கார்ந்தது. சூசைக்கு எட்டு என்றால் தனக்குப் பத்தாவது வேண்டும். மேப்பைப் பார்க்கிறவன் கண் முதலில் மிளகாயில் விழ வேண்டும், பிறகுதான் மல்லிக்குப் போக வேண்டும். சமையலிலும் அதுதானே வரிசை.

பெட்டியின் முன் போய் நின்றதும் பழக்கதோஷத்தில் துண்டை எடுத்து அதன்மேல் போர்த்தினார். மண்டியில் பெரிய பேரமெல்லாம் துண்டுக்கு அடியில்தான். அடுத்தவன் கண்ணில் படாமல் விரலைத் தொட்டு விலை சொல்வார்கள். உள்ளே கையை விட்டுத் துழாவிப் பார்த்தார். பிடிக்க ஒரு விரலும் அகப்படவில்லை.

"ஐயா, அதுக்குக் கையெல்லாம் இல்லீங்க. வாயால சொல்லுங்க," என்றாள் கோகிலவாணி.

பால்வண்ணம் தொண்டையைச் செருமினார். "பால்வண்ணம் மிளகாய் மண்டி. எழுத்து அளவு நாப்பத்தெட்டு."

"ஐயா!" கோகிலவாணி ஓடி வந்தாள். "நாப்பத்தெட்டா? ஊர்ப் பேரே முப்பத்தாறுலதாங்க போட்டிருக்குது!"

"நீங்க கொறச்சுச் சொல்லுங்க மேடம், நான் இங்கதான நிக்கேன்."

"நான் கொறைக்க முடியாதுங்க. பெரிய எழுத்துக்குச் சுத்திலும் வெத்தெடம் வேணும். அந்த எடத்துல..."

"ஆகட்டும்," என்றது பெட்டி. குரலில் சலிப்பில்லை, தயக்கமில்லை. தேன் ஊற்றினாற்போல ஓர் ஆகட்டும்.

பால்வண்ணம் பெட்டியை ஒரு தரம் சுற்றி வந்து பார்த்தார். முதல் விலைக்கே சரி என்றால், எங்கேயோ ஏமாந்துவிட்டோம். ஆனால் எங்கே என்று புரியவில்லை. அறுபது கேட்டிருக்க வேண்டுமோ என்று யோசித்தபடியே வீட்டுக்குப் போனார்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மண்டியில் மூட்டைகளுக்கு நடுவே கட்டையைச் சாய்த்தார். எறும்பு வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. மூன்று மணிக்குக் கண் விழித்தபோது முதலில் உறைத்தது சத்தமில்லாததுதான். டீக்கடைப் பாட்டு இல்லை. பாத்திரக்கடையில் குடம் உருளும் ஓசை இல்லை. பஸ் ஸ்டாண்டு கண்டக்டர்களின் கூவல் இல்லை.

ஷட்டரைத் தூக்கினார். எதிரே சூசையின் கடை இல்லை. தெருவே இல்லை. சலவைத் துணி மாதிரி வெளுத்த கட்டாந்தரை நாலு பக்கமும் அரைக் கிலோமீட்டருக்கு விரிந்து கிடந்தது. நடுவில் அவர் கடை மட்டும், தட்டில் வைத்த ஒற்றை வத்தல்போல.

"தூங்கி எந்திச்சாச்சா மொதலாளி?"

திடுக்கிட்டுத் திரும்பினார். கடைப்படியில் எப்போதும்போலப் பூக்கூடையோடு சுடலைவடிவு உட்கார்ந்திருந்தாள். இருபது வருடமாக அதே படியில் மல்லிகை கட்டுகிறவள்.

"ஏட்டி வடிவு! எல்லாரும் எங்க? நீ மட்டும் எப்படி இங்கன இருக்கே?"

"நான் எந்த மேப்புல இருந்தேன், என்னத் தள்ளிவிடுததுக்கு?" அவள் ஒரு கண்ணியை இறுக்கினாள். "எறும்பு வந்துச்சு. என்னச் சுத்திப் போச்சு. டீக்கடை நகந்து போச்சு, கைல கிளாசோட மூணு பேரு உள்ள இருந்தாவ. பாத்திரக்கடை போச்சு. சூசை மொதலாளி கடை போச்சு, அவரு ஜன்னல் வழியா உங்களப் பேரு சொல்லிக் கூப்புட்டாரு. நல்ல பேரா இல்ல."

"என்ன எதுக்குத் திட்டுதான்?"

"உங்க பேரு மேப்புல அம்புட்டுப் பெருசாம்லா. அதப் படிக்கணும்னா பக்கத்துல எவனும் நிக்கக்கூடாதாம். மேப் மேடம் வந்து சொல்லி அழுதுட்டுப் போகுது. அஞ்சு மணி வரைக்கும் ஒரு தடவ மாத்திக் கேக்கலாமாம். ஆளுக்கு ஒரு தடவதான். அதுக்குப் பொறவு எறும்பு தரைய இறுக்கிட்டுப் போயிருமாம். பொறவு பத்து வருசத்துக்கு இப்படியேதான்."

பால்வண்ணம் பத்து வருடத்தை அந்தக் கட்டாந்தரையில் வைத்துப் பார்த்தார். காலை பத்து மணி. யாரிடம் போய் மல்லியை மோந்து பார்ப்பது? எவன் வந்து தன் வத்தலைக் கிள்ளிப் பார்த்து முகம் சுளிப்பான்? ஊரிலேயே பெரிய எழுத்தில் தன் பெயர். அதை வாசிக்க ஒரு காக்காய் இல்லை. விலை சொன்னால் 'அடேயப்பா' என்று வாயைப் பிளக்க ஓர் ஆள் இல்லாத இடத்தில் விலைதான் எதற்கு?

"உனக்கு யாவாரம்?"

"மத்தியானத்துலேர்ந்து ஒரு மொழம் போகல," என்றாள் வடிவு. அப்போதுதான் அவள் குரலில் கிண்டல் இல்லை என்று கவனித்தார். "பெரிய எழுத்து உங்களுக்கு. பட்டினி எனக்கு."

அதற்கு மேல் அவர் அங்கே நிற்கவில்லை. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் நகராட்சி மண்டபத்தை நோக்கி நடந்தார்.

போகிற வழியெல்லாம் ஊர் தன் ஆசையில் தானே மாட்டிக்கொண்டு நின்றது. கடைத்தெருவின் கீழ்க்கோடிக்காரர்கள் நாற்பதடிச் சாலைக்காக இருநூறடி கேட்டிருந்தார்கள். இருநூறடியும் வந்துவிட்டது. கடைகள் எல்லாம் இரண்டடி ஆழத்துக்கு ஒட்டிப்போய், உள்ளே ஒருவர் பின் ஒருவராகப் பக்கவாட்டில் நின்று சாமான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஹோட்டல் முதலாளி ஒருவர் ஒரு பஸ் நிறுத்தத்துக்காகப் பதினாலு கேட்டிருந்தார். பஸ் ஒவ்வொன்றிலும் நின்று நின்று, அவர் வாசலைத் தாண்டவே ஒரு மணி நேரம் ஆனது. உள்ளேயிருந்த பயணிகள் பொறுமையிழந்து இறங்கி நடந்து போனார்கள். பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் பெரிய மைதானம் கேட்டதில், பள்ளிக்கூடம் மைதானத்தின் மறுகோடிக்குப் போய்விட, பிள்ளைகள் மணி அடித்தது கேட்கவில்லை என்று சந்தோஷமாகச் சத்தியம் செய்தார்கள்.

ஓரிடத்தில் காடு ஒன்று முளைத்திருந்தது. அடர்ந்த வேப்பங்காடு. உள்ளேயிருந்து ஒரு மொபெட்டை உருட்டிக்கொண்டு சூசைமரியான் வெளியே வந்தார். தலையெல்லாம் வேப்பம்பூ.

"என்னவே இது?" என்றார் பால்வண்ணம்.

"கேக்காதீரும்."

"ஒரு மரம்தான வேணும்னீரு?"

"ஒண்ணு வேணும்னா நூறுதானவே கேக்கணும்? ஒம்ம அப்பன் ஒமக்குச் சொல்லித் தரலையா? அந்த எளவுப் பெட்டி நூறையும் குடுத்துட்டு. என் கடைய நானே தேடிக் கண்டுபுடிக்க முக்கா மணி நேரமாச்சு." சூசை மூச்சு வாங்கினார். "வாங்க வந்த ஒரு ஆளு உள்ளயே சுத்திட்டு இருக்கான். சத்தம் கேக்கு, ஆளக் காணல."

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். திட்டுவதற்கு நிறைய இருந்தது. ஆனால் மணி நாலரை.

"ஏறும்வே," என்றார் சூசை.

மொபெட் இருவரையும் தாங்கிக்கொண்டு முனகியது. வழியில் பால்வண்ணம் அவர் காதருகே கேட்டார்: "ஜன்னல் வழியா என்னமோ சொல்லித் திட்டுனீராமே?"

"ஆமா. இன்னும் பாக்கி இருக்கு. எதிர்க் கடைக்கு வந்து நிம்மதியாச் சொல்லுதேன்."

அதைக் கேட்டதும் பால்வண்ணம் கண்ணில் தூசி விழுந்ததாகச் சொல்லித் துண்டால் துடைத்துக்கொண்டார்.

மண்டபத்தில் ஊரே வரிசையில் நின்றது. கோகிலவாணி பெட்டிக்குப் பக்கத்தில், தலைமுடி கலைந்து, கையில் ஆறிப்போன டீயோடு நின்றுகொண்டு ஒவ்வொருவரிடமும் கெஞ்சினாள்.

"ஐயா, கும்புடறேனுங்க. நெசமா என்ன வேணுமோ அதை மட்டும் சொல்லுங்க. கூட்டியும் சொல்ல வேண்டாம், கொறச்சும் சொல்ல வேண்டாம். ஒரே தடவைதான். நான் வரைஞ்ச மேப்பு எத்தனை அழகா இருந்துச்சு தெரியுங்களா? ராத்திரி பகலா ஒவ்வொரு எழுத்தா நகத்தி நகத்தி வெச்சேன். இப்பப் பாத்தா யாரோ சாம்பாரைக் கொட்டுன மாதிரி இருக்குது."

சூசையின் முறை வந்தது. அவர் கண்ணை இறுக மூடினார். நெற்றி நரம்பு புடைத்தது. ஆற்றுக்குள் குதிக்கிறவன்போல மூச்சை இழுத்து, "மரம் ஒண்ணு" என்றார்.

"ஆகட்டும்."

வரிசையில் சிலர் கைதட்டினார்கள். சூசை தள்ளாடியபடி வந்து ஓர் ஓரமாக உட்கார்ந்துகொண்டார். வாழ்க்கையில் முதன்முறையாக உண்மை விலை சொன்ன களைப்பு.

மணி நாலு ஐம்பத்தாறு. பால்வண்ணம் பெட்டியின் முன் நின்றார். எட்டு. எல்லாருக்கும் உள்ள எட்டு. அதைச் சொன்னால் கடைகள் பழைய இடத்துக்கு வந்துவிடும். டீக்கடைப் பாட்டு வரும். பூ விற்கும். காலை பத்து மணி திரும்ப வரும். ஒரே ஒரு சொல்.

"எட்டு" என்று சொல்ல வாயைத் திறந்தார். நாக்கின் நுனிவரை வந்தது. அங்கே நின்றுவிட்டது. நாற்பது வருடம் மண்டியில் புரண்ட நாக்கு. எட்டு வேண்டும் என்கிறவன் எட்டு என்றே சொல்லிவிட்டால், எதிராளி நாலில் அல்லவா முடிப்பான்? இதற்கு ஒரே வழிதான் உண்டு, பேரத்தின் கடைசி ஆயுதம். சரக்கைக் கீழே போட்டுவிட்டு, எனக்கு வேண்டவே வேண்டாம் என்று எழுந்து போவது. பத்தடி போவதற்குள் கடைக்காரனே, அண்ணாச்சி, அண்ணாச்சி, சும்மா வாங்க என்று கூப்பிட்டே தீருவான். இதுவரை கூப்பிடாதவன் இல்லை.

இது அவர் யோசித்துச் செய்ததல்ல. கால்தான் முதலில் திரும்பியது.

"எனக்குப் பேரே வேண்டாம்! ஒண்ணும் வேண்டாம் போ! நான் போறேன்!" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார்.

ஓரடி. இரண்டடி. மூன்றடி. காதைத் தீட்டிக்கொண்டு போனார்.

"ஆகட்டும்," என்றது பெட்டி.

கோகிலவாணியின் கையிலிருந்து டீ டம்ளர் விழுந்தது. "ஐயோ... ஐயா! பேர் இல்லீன்னா மேப்புல அங்க கடையே இல்லீங்க. ரெண்டு கடைக்கு நடுவுல காலியா இருந்தா எறும்பு அதை வழின்னு எடுத்துக்கும்!"

"கூப்புடுவான்னு நெனச்சேம்மா," என்றார் பால்வண்ணம். குரல் சின்னதாகிப் போயிருந்தது.

சூசை தலையில் கை வைத்துக்கொண்டார். "பெட்டிகிட்டப் போயி ஒருத்தன் முறுக்கிக்கிட்டு நடப்பானாவே?"

ஐந்து மணிக்கு எறும்புகள் புறப்பட்டன. ஐந்தரைக்குள் கடைத்தெரு பழையபடி வந்து சேர்ந்தது. பாத்திரக்கடை இடப்பக்கம், டீக்கடை வலப்பக்கம், எதிரே ஒற்றை வேப்பமரத்தோடு மல்லி மண்டி. நடுவில் பால்வண்ணத்தின் கடை இருந்த இடத்தில் முன் ஷட்டரும் பின் சுவரும் இல்லை. இரண்டையும் எறும்புகள் பிரித்து ஓரமாக நறுவிசாக அடுக்கி வைத்திருந்தன. கூரை இருந்தது. பக்கச் சுவர்கள் வழியை மறிக்காததால் இருந்தன. தரையில் வழவழவென்று நடைக்கல் பாவியிருந்தது. மேப்பில் இல்லாத மூட்டைகளும் தராசும் நாற்காலியும் வடிவின் பூக்கூடையும் வைத்தது வைத்தபடி இருந்தன.

கடைக்குப் பின்புறம் பஸ் ஸ்டாண்டு. முன்புறம் கடைத்தெரு. இத்தனை நாளும் ஜனங்கள் தெருக்கோடி வரை போய்ச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது. இப்போது மேப்பைத் திறந்தால் குறுக்கு வழி ஒன்று பளிச்சென்று தெரிந்தது.

மறுநாள் காலை முதல் பஸ் வந்தது. அறுபது பேர் இறங்கி, நேராகப் பால்வண்ணத்தின் கடைக்குள் நுழைந்து, அவர் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனார்கள். அடுத்த பஸ்ஸில் எழுபது பேர். ஒரு கல்யாணக் கூட்டம் நாதஸ்வரத்தோடு போனது. ஒரு எருமை, யாருடையது என்று தெரியாது, நின்று ஒரு வத்தலை முகர்ந்து தும்மிவிட்டுப் போனது. போகிறவர்கள் எல்லாம் சும்மா போகவில்லை. மூட்டை காலில் இடித்தது, இடித்ததும் குனிந்து பார்த்தார்கள், பார்த்ததும், இது என்ன விலை என்று கேட்டார்கள். பத்து மணிக்கு சூசை தெருவைத் தாண்டி வந்து, கூட்டத்தில் முண்டியடித்து உள்ளே நுழைந்து, ஒரு வத்தலைக் கிள்ளினார்.

"பேரே இல்லாத எடத்துல விக்க சரக்குக்கு இம்புட்டு விலையா?"

"வேண்டாம்னா நடவும். இது பொதுவழி. நிக்கக்கூடாது," என்றார் பால்வண்ணம். அன்றைக்குப் பேரம் ஒன்றேகால் மணி நேரம் நீடித்தது.

இரண்டு வாரம் இப்படிப் போயிற்று. பிறகு சென்னையிலிருந்து சரிபார்ப்பு அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர். கையில் பலகைபோல ஒரு கருவி. மேப்பில் உள்ளது தரையிலும் அப்படியே இருக்கிறதா என்று தெருத்தெருவாகப் பார்த்துக்கொண்டே வந்தார். எங்கேயாவது பொருந்தாவிட்டால் எறும்புகளைத் திரும்ப வரவழைப்பார் என்று பேச்சு. இந்த முறை அவை எதையும் ஓரத்தில் அடுக்கிவைக்காதாம், ஊருக்கு வெளியே கொண்டுபோய்த் தள்ளிவிடுமாம்.

அதிகாரி பால்வண்ணத்தின் நாற்காலிக்கு முன் வந்து நின்றார். கருவியைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். டீக்கடையில் பாட்டை நிறுத்தினார்கள்.

"இது சந்துதானே?"

பால்வண்ணம் நாற்காலியைவிட்டு எழவில்லை. எதிரே வேப்பமர நிழலில் சூசை எழுந்து நிற்பது தெரிந்தது. வடிவு பூக்கட்டுவதை நிறுத்தியிருந்தாள்.

"சந்துதான் சார்."

"சந்துல நீங்க ஏன் உக்காந்திருக்கீங்க?"

"நடந்து வந்தேன் சார். கால் வலிச்சுச்சு."

"இந்த மூட்டை எல்லாம்?"

"அதுவளும் ரொம்பத் தூரத்துலேர்ந்து வந்திருக்கு சார்."

 அதிகாரி கருவியில் என்னவோ தட்டினார். "சந்துன்னா பராமரிக்க ஒரு ஆள் இருக்கணும். இல்லைன்னா மூடிடுவோம். இதைத் தினமும் யார் கூட்டுறாங்க?"

அது ஒன்றுதான் அங்கே கேட்கப்பட்டதிலேயே சுலபமான கேள்வி. நாற்பது வருடமாகக் காலை ஆறு மணிக்கு அந்தத் தரையைக் கூட்டுகிறவர் அவர். வத்தல் தூசிக்குத் தும்மித் தும்மி வேலைக்கு வந்தவர்கள் எல்லாம் ஓடிப்போனதால் அவரே கூட்டிப் பழகிவிட்டார்.

"நாந்தான் கூட்டுதேன்."

"அப்ப உங்களையே துப்புரவுப் பொறுப்பாளரா போட்டுடறேன். பொறுப்பாளர் சந்துலயே இருந்தாகணும், நகரக்கூடாது. சரியா?" அதிகாரி கருவியைத் திருப்பிக் காட்டினார். சந்தின் நடுவில் சின்னஞ்சிறு துடைப்பக் குறி ஒன்று மின்னிக்கொண்டிருந்தது. "இதுதான் உங்களுக்கான குறி. எட்டு அளவுல இருக்கு. பெருசா வேணும்னா சொல்லலாம். எவ்வளவு போடட்டும்?"

 பால்வண்ணத்தின் கை தானாகத் தோள் துண்டுக்குப் போயிற்று. கால்விரல்கள் செருப்புக்குள் திரும்பத் துடித்தன. அந்த மினுங்கும் துடைப்பத்தைப் பார்த்தார். இடப்பக்கம் குடங்களை, வலப்பக்கம் கொதிக்கும் டீயை, எதிரே மரத்தடியில் தனக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும் மனிதரைப் பார்த்தார்.

"இப்ப இருக்க அளவே போதும் சார்," என்றார்.

"ஆகட்டும்," என்றது கருவி.

அதிகாரி ஒரு டிக் போட்டுவிட்டு, மூட்டைகளைச் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இறங்கிப் போனார். சூசை தெருவைத் தாண்டி ஓடி வந்தார்.

"ஏன்வே, ஒரு பன்னெண்டாவது கேட்டுப் பாத்திருக்கலாம்லா? மனுசன் நல்ல ஆளாத் தெரிஞ்சான். கேட்டா குடுத்திருப்பான்."

பால்வண்ணம் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"குடுத்திருப்பான்வே. அதான் பயமே."